முள் வாங்கி வந்த மேஜர்

நாராயணவனம்,
வெள்ளிக்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி பக்கிரிசாமி அவர்கள் சமூகத்துக்கு வேதாச்சலம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே கல்யாண வேங்கடேசர் புண்ணியத்தில் நானும், என் மனைவி கன்னியம்மாளும், தங்கள் மருமகள் ரேகாவும், ரேகாவின் வயிற்றில் இருக்கும் தங்கள் வம்சமும் சௌக்கியம். மேஜரும் சௌக்கியம். மேஜர் பெயரைக் கடைசியில் எழுதியது வரிசைக்காகத்தானே தவிர மரியாதைக் குறைவு என்று தாங்கள் நினைக்கக் கூடாது. பெங்களூரில் தங்கள் மூத்த மகள் ஹர்ஷினி, மூத்த மாப்பிள்ளை, பேத்தி, சம்பந்தி அம்மாள் துர்காதேவி எல்லோரும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். நாய்க்கு இடமில்லை என்று சொன்ன அந்த அடுக்குமாடிக் கட்டடத்து நிர்வாகிகளும் நன்றாக இருக்கட்டும். அவர்கள் ஒத்துக்கொண்டிருந்தால் நான் இந்தக் கடிதம் எழுத வேண்டி வந்திருக்காது.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று தாங்கள் கேட்கலாம். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் தாங்கள் கன்னியம்மாளிடம் ‘மேஜர் எங்க?’ என்பீர்கள், எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். கோபத்தில் தாங்கள் போனை வைத்துவிட்டால் பிறகு எடுக்க மாட்டீர்கள். கடிதத்தைக் கோபத்தில் வீசி எறிந்தாலும் அது அங்கேயேதான் கிடக்கும், ஒரு காபி குடித்துவிட்டு எடுத்துப் படிக்கலாம். ஆகையால் தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும். சம்பந்தி அம்மாளுக்கு வாசித்துக் காட்டுவதாக இருந்தால், முள் என்று வரும் இடங்களைக் கொஞ்சம் மெதுவாக வாசிக்கவும்.

முதலில் பழைய விஷயம். கல்யாணத்தன்று பந்தியில் நடந்ததைத் தாங்கள் இன்னும் மறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பெண்ணைப் பெற்றவன் பந்தியில் பாயசம் வந்ததா, அப்பளம் வந்ததா என்று பறந்துகொண்டிருக்கிறான். ஒரு செம்மண் நிற நாய் மாப்பிள்ளை வீட்டு வரிசையில் ஒரு இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அவன் என்ன நினைப்பான் சொல்லுங்கள். இலைக்கட்டால் அதன் முதுகில் ஒன்று போட்டு, ‘போ நாயே’ என்றேன். அது தாங்கள் குழந்தைபோல் வளர்க்கும் மேஜர் என்பதும், அந்த இலை அதற்காகவே போடப்பட்டது என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? தாங்கள் மோர் சாதத்துக்கு முன்பே கை கழுவி எழுந்துவிட்டீர்கள். அன்றிலிருந்து எனக்குச் சொல்ல வேண்டியதை என் மனைவியிடம் சொல்கிறீர்கள். நான் பக்கத்திலேயே நின்றாலும் அவளிடம்தான் சொல்கிறீர்கள்.

அதனால்தான் திருப்பதியில் அலிபிரி வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூர் கிளம்பும்போது மேஜரை எங்கள் வீட்டில் விட்டுப் போகிறீர்கள் என்றதும் ரேகாவுக்கு அவ்வளவு சந்தோஷம். ஏழாம் மாத வயிற்றோடு என்னிடம் வந்து, ‘நைனா, அத்த மட்டும் பத்திரமா பாத்துக்கினு திருப்பிக் குட்துடு. எங்க மாமா உன்கூட பேசிடுவாரு. சீமந்தத்துல நீயும் அவரும் மூஞ்சத் திருப்பிக்கினு நின்னா எனக்கு எப்டி இருக்கும் சொல்லு’ என்றாள். அவள் புருஷன், தங்கள் மகன் வெங்கட், கம்பெனி வேலையாகப் புனேவில் இருக்கிறார். இந்த நேரத்தில் அந்தப் பெண் என்னிடம் கேட்ட ஒரே விஷயம் இதுதான். நான் தலையாட்டினேன்.

தாங்கள் சொல்லிவிட்டுப் போன எல்லாவற்றையும் அப்படியே கடைப்பிடித்தேன் என்பதற்குக் கன்னியம்மாள் சாட்சி. மேஜருக்குத் தமிழ் தெரியாது, தெலுங்கில்தான் பேச வேண்டும் என்றீர்கள். வீட்டில் எல்லோரும் தமிழ் பேசும்போது நாய்க்கு மட்டும் ஏன் தெலுங்கு என்று நான் கேட்கவில்லை. ரெவின்யூ ஆபீஸில் இருந்து ரிட்டையர் ஆனவர், அதிகாரம் தெலுங்கில்தான் செல்லும் என்று தாங்கள் நினைத்திருக்கலாம். பிஸ்கட்டைப் பாலில் நனைத்துத்தான் கொடுத்தேன். ஃபேன் போட்டேன். தறி ஓடினால் அது ஊளையிடுகிறது என்று மத்தியானத்தில் பவர்லூமை நிறுத்தி வைத்தேன். அப்படியும் என்னைக் கண்டால் அதற்கு ஆகவில்லை. இலைக்கட்டை மறக்கவில்லை போலும். என் வீட்டில், என் தறிக்கொட்டகைக்குள் போவதற்கு, நான் வாசற்படியில் நின்று ‘ஜருகு பாபு, ஜருகு’ என்று வழி கேட்டுக்கொண்டிருந்தேன். அது உறுமும். நான் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போவேன்.

இந்த நிலையில்தான் தாங்கள் கன்னியம்மாளுக்குப் போன் செய்து, சீமந்தத்தில் முள்ளம்பன்றி முள்ளால்தான் வகிடு எடுக்க வேண்டும், தங்கள் வம்சத்தில் அது இல்லாமல் நடந்ததே இல்லை என்று சொன்னீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். புரோகிதரைக் கேட்டேன். அவர் தர்ப்பையை வைத்தே முடித்துவிடலாம் என்றார். தர்ப்பையைப் பார்த்ததும் தாங்கள் மணையிலிருந்து எழுந்துவிட்டால் அவரா வந்து உட்கார வைப்பார்? புத்தூரில் நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, ‘அதெல்லாம் இப்போ விக்கக் கூடாதுண்ணா. ஃபாரஸ்ட்காரங்க கேஸ் போட்ருவாங்க. மஞ்சக் கொம்பு வேணா குடுக்கட்டுமா?’ என்றார். மஞ்சள் கொம்பால் எப்படி வகிடு எடுப்பது?

அப்போதுதான் என் சிநேகிதர் மோகன்ராஜ் வந்தார். அவருக்கு மலையடிவாரத்தில் வேர்க்கடலைக் கொல்லை இருக்கிறது. ‘நீ இன்னாத்துக்கு கட கடயா ஏறி எறங்கற? என் கொல்லையில தெனம் முள்ளம்பன்னி வந்து கடலைய நோண்டித் துன்னுட்டுப் போவுது. வரப்புல முள்ளு உதிர்ந்து கெடக்கும். சாயங்காலமா வந்து ஒண்ணு பொறுக்கிக்கோ. தொணைக்கு அந்த நாய இட்டுக்கினு வா’ என்றார். விற்பதுதானே குற்றம், அதுவாக உதிர்ந்ததை எடுத்தால் யாருக்கு என்ன என்று எனக்கு நானே சட்டம் சொல்லிக்கொண்டேன். மேஜரையும் அழைத்துப் போனேன். உண்மையைச் சொல்கிறேன், துணைக்காக மட்டும் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலையாகப் போய் வந்தால் அதற்கு என்மேல் உள்ள கோபம் கொஞ்சம் தணியும் என்று ஒரு நப்பாசை.

பொழுது சாயும் நேரம். மோட்டார் ஷெட்டுக்குப் பின்னால் ஒரே புதர். நான் ஒரு கையில் சங்கிலியும் மறு கையில் டார்ச்சுமாகக் குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். மேஜர் வழக்கம்போல என்னைப் பார்த்து உறுமிக்கொண்டே வந்தது. திடீரென்று புதருக்குள் கலகலவென்று ஒரு சத்தம், வளையல்காரர் பெட்டியைக் குலுக்கினால் வருமே அந்த மாதிரி. ‘அதான்’ என்றார் மோகன்ராஜ். அவர் வாய் மூடுவதற்குள் மேஜர் ஒரே இழுப்பு இழுத்தது. கழுத்துப் பட்டையிலிருந்து கொக்கி கழன்று என் கையில் வெறும் சங்கிலிதான் நின்றது. நான் ‘ஆகு, ஆகு’ என்று தெலுங்கில்தான் கத்தினேன். நிற்கவில்லை. அது புதரை நோக்கி ஓடியதா, புதரை விட்டு ஓடியதா என்று அந்த மங்கலில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. தங்கள் மேஜரின் வீரத்தைப் பற்றித் தாங்கள் சொல்லக் கேட்டிருப்பதால் புதரை நோக்கித்தான் என்று முடிவு செய்தேன். அடுத்த நிமிஷம் உள்ளே ஒரு கதறல் கேட்டது.

வெளியே வந்த கோலத்தை எப்படி எழுதுவேன். வாழைப்பழத்தில் ஊதுவத்தி குத்தி வைப்போமே, அந்த மாதிரி மூக்கிலும் கன்னத்திலும் முன்னங்காலிலும் முள். அதே செம்மண் நிற உடம்புதான், ஆனால் முகம் வீங்கி, ரத்தமும் மண்ணும் அப்பி, எது மூக்கு எது வாய் என்று தெரியவில்லை. ஒரு முள் கண்ணுக்கு அடியிலேயே நின்றது. கழுத்தில் பட்டையைக் காணோம், புதரில் மாட்டி அறுந்திருக்கும் என்று நானும் மோகன்ராஜும் பேசிக்கொண்டோம். அது நொண்டிக்கொண்டே நேராக என்னிடம் வந்தது. உறுமவில்லை. என் காலில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. கல்யாணத்திலிருந்து என்னை மன்னிக்காத மேஜர், வலி வந்ததும் என்னிடம் வந்ததே என்று அதன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அப்புறம்தான் ரேகா ஞாபகம் வந்தது. அந்தப் பெண் தங்கள் வீட்டில் வாழ வேண்டியவள். உங்கப்பாவிடம் விட்டுப் போன நாயாம் என்று ஒரு வார்த்தை அந்த வீட்டில் அவள் காதில் விழுந்துவிட்டால், எந்தச் சீமந்தம் செய்து அதைத் துடைப்பது? மோகன்ராஜ் ஒரு முள்ளைப் பிடித்து இழுக்கப் போனார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன்.

ஆட்டோக்காரன் குணா தன் காக்கிச் சட்டையைக் கழற்றி சீட்டில் விரித்து நாயை ஏற்றினான். எங்கே போக வேண்டும் என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் யாருக்கு எங்கே அடிபட்டாலும் வண்டி புத்தூருக்குத்தான் திரும்பும். கையொடிந்தவர்களும் காலொடிந்தவர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்த இடத்தில் நான் நாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மெட்ராஸிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் தன் கட்டுப் போட்ட கையால் நகர்ந்து இடம் கொடுத்தாள். எங்கள் முறை வந்ததும் வைத்தியர் நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ‘ஐயா, நாங்க எலும்பு பாக்கறவங்க. இது முள்ளு. மாட்டு டாக்டராண்ட இட்டுக்கினு போங்க’ என்று பொறுமையாகத்தான் சொன்னார். புத்தூர் வரைக்கும் வந்துவிட்டுக் கட்டில்லாமல் திரும்புவதா என்று நான் நகரவில்லை. ‘ஒரு கட்டாவது போட்டு அனுப்புங்க. சம்பந்தி வீட்டு நாய்’ என்றேன். சம்பந்தி வீடு என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. முன்னங்காலைத் தடவிப் பார்த்து, லேசாகச் சுளுக்கியிருக்கிறது என்று பச்சிலை அரைத்து ஒரு கட்டுப் போட்டு, டாக்டர் வீட்டுக்கு வழியும் சொல்லி அனுப்பினார்.

டாக்டர் ரோஜா சின்ன வயசு, கெட்டிக்கார டாக்டரம்மா. ‘கையால பிடுங்கியிருந்தீங்கன்னா உள்ளேயே முறிஞ்சு சீழ் வெச்சிருக்கும். நல்லவேள’ என்றார். மோகன்ராஜ் கையைத் தட்டிவிட்ட என் கையை நான் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். மயக்க ஊசி போட்டு இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணுக்கு அடியில் இருந்ததைக் கடைசியாக எடுத்து, இமையை விரித்து விளக்கு அடித்துப் பார்த்து, ‘கன்னு பாகுந்தி. பயப்படகண்டி’ என்றார். கண்ணுக்கு ஒன்றுமில்லை என்றதும் நான் அந்த இடத்தில் அழுதேன் என்று குணா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். விளக்கு வெளிச்சம் கண்ணில் பட்டது என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். தங்களிடம் மறைப்பானேன், அழுதேன்.

அந்த டாக்டரம்மாவிடம் ஒரே ஒரு குறை. நான் நன்றி சொல்லும் வேகத்தில் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் இருக்கிறாள், அவள் மாமனார் நாய் இது என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் நாயின் வயிற்றைத் தடவிக்கொண்டே, ‘எத்தன நாளாச்சு?’ என்றார். ‘ஏழு மாசம்’ என்றேன். ‘ஏழு மாசமா?’ என்றார். ‘ஆமாம்மா, தலைப்பிரசவம்’ என்றேன். சிரித்துவிட்டு, நல்ல ஆகாரமாகக் கொடுங்கள், ஓடவிடாதீர்கள், நேரம் வந்ததும் சந்தடி இல்லாத ஒரு மூலையில் பழைய சாக்கு விரித்து விட்டுவிட்டால் அதுபாட்டுக்குப் பெற்றுக்கொள்ளும் என்றார். என் மகள் சாக்கில் பிரசவிப்பதா என்று எனக்குச் சுருக்கென்றது. மாடுகளைப் பார்த்துப் பழகியவர், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று நாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிள்ளைத்தாய்ச்சி ரத்தக்காயத்தைப் பார்க்கக் கூடாது என்று கன்னியம்மாள் நாயை வீட்டுக்குள் விடவில்லை. தறிக்கொட்டகையில் பாவு வைக்கும் மூலையில்தான் படுக்கை. முகம் முழுக்கத் துணிக்கட்டு, காலில் புத்தூர் கட்டு. சாயங்காலம் சாயங்காலம் சம்பந்தி அம்மாள் வீடியோ கால் செய்யும்போது எனக்கு ஜுரம் வரும். நெட்வொர்க் இல்லை என்றேன், சார்ஜ் இல்லை என்றேன். ஒருநாள் தப்பிக்க வழியில்லாமல் வாலை மட்டும் காட்டினேன். சம்பந்தி அம்மாள் வாலைப் பார்த்தே கண் கலங்கி, எங்க கண்ணு எளைச்சுப் போச்சே என்றார்கள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனிமேல் வருவதெல்லாம் நல்ல செய்தி. கட்டுப் பிரித்தாகிவிட்டது. புண் ஆறிவிட்டது, காலை ஊன்றி நடக்கிறது. அதைவிடப் பெரிய செய்தி, முள் குத்தியதிலிருந்து மேஜரின் குணமே மாறிவிட்டது. தமிழ் புரிகிறது. வா என்றால் வருகிறது, உட்கார் என்றால் உட்காருகிறது. தெலுங்கில் சொன்னால்தான் விழிக்கிறது. அதிர்ச்சியில் மறந்திருக்கலாம். பிஸ்கட்டை மட்டும் தின்ற நாய் இப்போது கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் தின்கிறது. ஃபேன் கேட்பதில்லை. தறி ஓடும் சத்தத்தில் தாலாட்டுக் கேட்டதுபோல் தூங்குகிறது. என்னைக் கண்டால் உறுமுவதற்குப் பதில் வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே வருகிறது. நான் கோயிலுக்குப் போனால் செருப்பின் மேல் படுத்துக்கொண்டு காவல் காக்கிறது. உடம்பும் நன்றாகத் தேறி வயிறு போட்டிருக்கிறது. கன்னியம்மாள் கைச்சமையலில் நானும் கல்யாணமான புதிதில் அப்படித்தான் ஆனேன்.

எங்கள் வீட்டுப் பெண்களுக்குத்தான் எதிலும் திருப்தி இல்லை. ரேகா ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, ‘நைனா, அது மேஜர் மாரியே இல்லியே. மேஜருக்குக் காது நிக்குமே’ என்கிறாள். அத்தனை முள் குத்தினால் எந்தக் காது நிற்கும்? கன்னியம்மாள், ‘வாலு கூட நீட்டா கீதுங்க’ என்கிறாள். நல்ல சாப்பாடு சாப்பிட்டால் வளராதா? இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். தங்கள் வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் வராத பணிவு எங்கள் வீட்டில் இந்தக் கொஞ்ச நாளில் வந்திருக்கிறது என்றால் அதில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று தாங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். இதைக் குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை.

டாக்டரம்மா எடுத்த முட்களில் உடையாத ஒன்றைக் கேட்டு வாங்கி, மஞ்சள் நீரில் கழுவி, சாமி மாடத்தில் வைத்திருக்கிறேன். வெள்ளையும் கறுப்புமாக வரியோடி, பார்க்க அவ்வளவு லட்சணம். புரோகிதரும் பார்த்துவிட்டு, முறையான முள் என்றார். சம்பந்தி அவர்களே, யோசித்துப் பாருங்கள். தங்கள் வம்சத்துச் சீமந்தத்துக்குத் தங்கள் வீட்டு மேஜரே போய், முகத்தைக் கொடுத்து முள் வாங்கி வந்திருக்கிறது. தங்கள் குலதெய்வம் காட்டிய வழி இது என்று எனக்குத் தோன்றுகிறது. இதில் யாரும் யார்மேலும் வருத்தப்பட ஒன்றுமில்லை. அப்படியும் கோபம் வந்தால் என்மேல் வரட்டும், நான் தாங்குவேன். ரேகாவிடம் மட்டும் முகம் கோணாதீர்கள். வருகிற வளர்பிறையில் சீமந்தம். தாங்கள் குடும்பத்தோடு வந்து முன்னால் நின்று நடத்திக் கொடுக்க வேண்டும். என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, வழக்கம்போல் கன்னியம்மாளிடம் சொல்லுங்கள், நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

சம்பந்தி அம்மாளுக்கு எங்கள் வணக்கம். ஹர்ஷினிக்கும் குழந்தைக்கும் ஆசீர்வாதம். பிறக்கப் போகும் பேரனோ பேத்தியோ தங்கள் கம்பீரத்தோடும் எங்கள் பொறுமையோடும் நூறு வயது இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டாத,
வேதாச்சலம்.

பின்குறிப்பு: சனிக்கிழமை எழுதுகிறேன். நேற்று இந்தக் கடிதத்தை மடித்து உறையில் போட்டு, ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை எடுக்கப் போனேன். தறிக்கொட்டகையிலிருந்து கன்னியம்மாள், ‘இங்க வந்து உங்க மேஜரப் பாருங்க’ என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். மேஜர் நான்கு குட்டிகள் போட்டிருக்கிறது. டாக்டரம்மா சொன்னபடியே சந்தடி இல்லாத மூலையில், பழைய சாக்கில். ஆண் நாய் குட்டி போடாது என்பது எனக்கும் தெரியும். சம்பந்தி வீட்டு நாயை அந்த மாதிரியெல்லாம் உற்றுப் பார்ப்பது மரியாதை இல்லை என்று இருந்துவிட்டேன். ரேகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், நிறுத்தச் சொன்னால் இன்னும் சிரிக்கிறாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது மேஜர் இல்லையென்றால் மேஜர் எங்கே? குணாவின் ஆட்டோவில் மோகன்ராஜ் கொல்லைக்குப் போனேன். புதரைச் சுற்றினேன், ‘மேஜர், ரா, ரா’ என்று அடிவாரம் முழுக்கக் கத்தினேன். கடைசியில் கோயிலுக்குப் பின்னால், செங்கம்மா டிபன் கடையில், பெஞ்சுக்கு அடியில் பார்த்தேன். கழுத்தில் பட்டை இருந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. நெய் விட்ட இட்லி தின்றுகொண்டிருந்தது. ‘யாரோ திருப்பதிக்காரங்க வுட்டுட்டுப் போய்ட்டாங்கன்னு நெனச்சேண்ணா’ என்றார் செங்கம்மா. ‘அன்னிக்கு சாயங்காலம் மல பக்கத்துலேர்ந்து தலதெறிக்க ஓடியாந்து பூந்துக்கினுச்சு. தமிழ்ல கூப்ட்டா வர்ல, தெலுங்குல கூப்ட்டா வந்து குந்திக்கினுச்சு. ரொம்ப பயந்த சுபாவம். கரப்பாம்பூச்சி வந்தாகூட பெஞ்சுக்கடியில போய்டுது.’ பட்டையில் இங்கிலீஷில் மேஜர் என்று பொறித்திருப்பதை அவர் பட்டைக் கம்பெனியின் பெயர் என்று நினைத்திருக்கிறார்.

நான் குனிந்து பார்த்தேன். மேஜர் என்னைப் பார்த்து உறுமியது. அந்த உறுமலைக் கேட்டதும் நான் நிம்மதியில் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். குணா இதையும் ஊரெல்லாம் சொல்லுவான்.

ஆகையால் மேலே வீரம், பணிவு, தமிழ் என்று எழுதியிருப்பதையெல்லாம் தாங்கள் அடித்துவிட்டுப் படிக்கவும். அந்த வாலைப் பற்றிச் சம்பந்தி அம்மாளிடம் சொல்ல வேண்டாம். கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதலாம் என்றுதான் பார்த்தேன். ரேகா விடவில்லை. ‘அப்டியே அனுப்பு நைனா. எங்க மாமா ஒரு தரம் சிரிச்சிட்டார்னா எல்லாம் சரியாப் பூடும்’ என்றாள்.

முள்ளைப் பற்றி எழுதியதை மட்டும் நான் பாதிதான் அடிப்பேன். அது தங்கள் வம்சத்து நாய் வாங்கி வந்தது இல்லை. வயிற்றில் நான்கு உயிரைச் சுமந்துகொண்டிருந்த ஒரு தாய் முகத்தில் வாங்கி வந்தது. கண்ணும் தப்பியது, குட்டிகளும் தப்பின, இப்போது பால் கொடுத்துக்கொண்டிருக்கிறது. என் மகளுக்கு வகிடு எடுக்க இதைவிட நல்ல முள் இந்த ஜில்லாவில் கிடையாது என்று நான் நினைக்கிறேன். தங்களுக்கு அப்படித் தோன்றாவிட்டால் தர்ப்பை தயாராக இருக்கிறது.

தங்கள் மேஜர் ஃபேனுக்கு அடியில் இருக்கிறது. அதற்கு என்னைப் பிடிக்கவில்லை, எனக்கும் அதை அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஆனால் பத்திரமாக இருக்கிறது. தறிக்கொட்டகையில் இருப்பது என்னுடையது. வேறு பெயர் வைக்கலாம் என்று பார்த்தால், மேஜர் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறது. சீமந்தத்துப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டு வரிசையில் நாய்களுக்கு ஆறு இலை போடச் சொல்லியிருக்கிறேன். குட்டிகளுக்கு இன்னும் கண்ணே திறக்கவில்லை, ஆனாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறது. நான் இலைக்கட்டைக் கையால் தொட மாட்டேன். முதல் இலை மேஜருக்கு. எந்த மேஜருக்கு என்பதைத் தாங்கள் வந்து, என்னிடமே சொல்லுங்கள்.